ரோஜாத் தொட்டியில் ஒரு கை

நோயல் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு பிளாஸ்டிக் கவரோடு குந்தி உட்கார்ந்து, ருக்குவின் ரோஜாத் தொட்டிக்குள் கையை விட்டார்.

சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்ற ருக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தேகப்பட்டது சரிதான். மாடியில் குடியிருக்கும் இந்த மனுஷன்தான் புட்டாவுக்கு விஷம் வைக்கிறார்.

புட்டா, கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும் ஆறு மாத நாய்க்குட்டி. மகன் அஷ்வத் வெளிநாடு போனதிலிருந்து அவளுக்குக் கொஞ்ச அது ஒன்றுதான். போன புதன்கிழமை வாந்தி எடுத்துத் துவண்டு விழுந்தது, சனிக்கிழமை மறுபடியும். ஏதோ விஷச்செடி வயிற்றுக்குள் போயிருக்கிறது, இதயத் துடிப்பே சரியில்லை, இன்னொரு தடவை என்றால் தாங்காது என்று சொல்லிவிட்டார் பொம்மனஹள்ளி நாய் டாக்டர்.

அன்றைக்கே ருக்கு குரோட்டன்ஸ், மணிப்ளான்ட் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தாள். மிஞ்சியது துளசியும் ரோஜாவும்தான். வீட்டில் விஷம் இல்லையென்றால் வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்துதானே போடவேண்டும்?

நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் படுக்கிற நோயல், நாய் குரைத்தால் தூக்கம் போகிறது என்று ஒரு நாள் குறைப்பட்டிருந்தார். புட்டா விழுந்த இரண்டு நாட்களிலும் அவர் தொட்டிப் பக்கம் நின்றதை ருக்கு கண்ணால் பார்த்திருக்கிறாள். கணவர் சுந்தரராமனிடம் சொன்னதற்கு, தங்கமான மனுஷன், வாயில்லா ஜீவனுக்கு ஏன் விஷம் வைக்கப்போகிறார் என்று பேப்பரைப் புரட்டினார்.

அதனால் இந்தப் புதன்கிழமை அவளே காவல். குளித்துவிட்டு, துர்க்கை படத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் சாற்றுகிற மாலையைக் கழற்றி, வழக்கம்போலக் கால் படாத இடமாகத் தொட்டியில் உதிர்த்துவிட்டு வந்து திரைக்குப் பின்னால் நின்றாள். பத்தே நிமிஷத்தில் ஆள் சிக்கிவிட்டார்.

ருக்கு வாசலுக்கு ஓடினாள். "அந்தக் கவர்ல என்ன வெச்சிருக்கேள்? காட்டுங்கோ."

நோயல் கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "வேணாம் மேடம். தப்பா நினைச்சுப்பீங்க."

"நினைச்சாச்சு. காட்டறேளா, போலீஸைக் கூப்பிடட்டுமா?"

புட்டா அவள் புடவையை விலக்கிக்கொண்டு வந்து, நோயலைப் பார்த்து வாலை ஆட்டியது.

நோயல் தயங்கித் தயங்கிக் கவரைப் பிரித்தார். உள்ளே, பாதி வாடியும் வாடாமலும், அவள் தன் கையால் தொடுத்த அரளிப் பூக்கள்.

சர்ச்சுக்குப் போகிறவன், உங்கள் சாமி பூவை அங்கே போடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது என்றுதான் வாயைத் திறக்கவில்லையாம். வாரம் இரண்டு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பொறுக்கி எடுத்துப்போய், பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் போட்டுவிட்டுத்தான் படுப்பாராம்.

ருக்கு தொட்டியில் மிச்சமிருந்த பூக்களைத் தானே பொறுக்கிக் கவரில் போட்டாள். நோயல் குனிந்து புட்டாவின் தலையைத் தடவினார்.

"போன வாரம் ரெண்டு நாளும் பஸ் லேட்டு மேடம். இவன் முந்திட்டான்."