இடுப்பில் போடும் காலரா ஊசி

"ஒரே வாரத்துல ரெண்டு ஊசி போட்டா உடம்பு தாங்குமா, டாக்டரய்யா?"

வன்னியபெருமாள் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். வெளியே பெஞ்சில் இருந்தவர்களில் ஒருத்தன் தெரிந்தவன்.

"எந்த ரெண்டு?" என்றார் டாக்டர் ஜெபசீலன்.

"நீங்க போடுதது ஒண்ணு. துறைமுகத்துல காலரா ஊசி ஒண்ணு. அது போட்ட சீட்டு இல்லன்னா கொழும்புத் தோணியில கால் வைக்க விடமாட்டாங்க."

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. வன்னியபெருமாளுக்குத் தோணியில் சரக்கு அடுக்குகிற வேலை. காலரா ஊசி தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கத்தான் முதலில் இந்த டாக்டரிடம் வந்தான். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வேறொன்று அகப்பட்டது. ஊரில் அதற்குப் பொம்பளைச் சீக்கு என்று பேர். வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது என்னவோ ஆம்பளைதான். வாரத்துக்கு ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி. இரண்டு முடிந்திருந்தது.

"தாராளமா போடலாம்," என்றார் டாக்டர். "இது இடுப்புல, அது கையில. ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டுக்கிடாது. காய்ச்சல் கீய்ச்சல் இருந்தா மட்டும் தள்ளிப் போடும்."

"நெசமாவா? போன வருஷம் அதைப் போட்டுட்டுக் கை வீங்கிக் கெடந்தவன் இருக்கான்."

"வீங்கும். ரெண்டு நாள்ல வடியும். காலரா வந்தா ஆளே வடிஞ்சு போவீரு."

வன்னியபெருமாள் எழுந்திருக்கவில்லை. தலையைச் சொறிந்தான்.

"என் வீட்டுக்காரிக்கும் இது இருக்குமோ?"

"இந்தச் சீக்கு ஒருத்தரோட நிக்காது. அதான் அன்னைக்கே வீட்டுல பேசும்னேன். பேசினீரா?"

"பேசினா பேச்சித்தாய் உடன்குடியில அவ அம்மா வீட்டுக்குப் பெட்டியைக் கட்டிருவா. அப்புறம் திரும்பி வர மாட்டா. எனக்கு அவள விட்டா யாரு இருக்கா?" குரலைத் தாழ்த்தினான். "ஒரு யோசனை. காலரா ஊசின்னு சொல்லி அவளைக் கூட்டியாரேன். நீங்க சத்தம் காட்டாம இந்த ஊசியப் போட்டு விட்டுருங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொய் சொல்லி ஊசி போட மாட்டேன். ஒருத்தர் சீக்கை இன்னொருத்தர்கிட்ட சொல்லவும் மாட்டேன். உம்ம வாயால நீரே போய்ச் சொல்லும்."

படித்தவன் எல்லாம் இப்படித்தான், நம்மை மாட்டிவிட்டுத் தான் நழுவிக்கொள்வான் என்று முனகியபடியே வன்னியபெருமாள் வீட்டுக்கு நடந்தான். எப்படியாவது அவளை அங்கே கூட்டிப் போய்விட்டால் போதும், மற்றதை டாக்டர் காலில் விழுந்து முடித்துக்கொள்ளலாம்.

பேச்சித்தாய் முற்றத்தில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, துறைமுகத்துல உத்தரவு போட்டிருக்கான். வீட்டுப் பொம்பளைகளும் காலரா ஊசி போடணுமாம்."

"மேலவீட்டு அருணாசலவடிவக்கா நேத்தே போட்டாச்சே. கையில ஒரே குத்து."

"அது சாதா ஊசி. உனக்கு உசத்தி. நாசரேத்து டாக்டர் ஜெபசீலன் இருக்காருல்லா, அவரு இடுப்புல போடுவாரு."

"இடுப்புலயா? காலரா அங்கன வழியாவா வருது?"

"குறுக்குக் கேள்வி கேக்காத. வாரம் ஒண்ணு, மொத்தம் மூணு."

"மூணு வேறயா? ஒண்ணு போட்ட அக்காவே குடத்தைத் தூக்க முடியாமத் திரியுதா. எனக்கு வேண்டாம், போங்க."

வன்னியபெருமாளுக்கு வேர்த்தது. அதட்டிப் பார்த்தான். கெஞ்சிப் பார்த்தான். அவள் மீன் தலையை நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஊசி போடாவிட்டால் அவள் உடம்பு கெடும். உண்மையைச் சொன்னால் குடும்பம் கெடும். கடைசியில் அரிவாள்மணையை அவள் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொழும்பில் ஒரு ராத்திரி புத்தி கெட்டுப் போனதிலிருந்து ரத்தம் எடுத்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"இனி நீ என்ன வேணா செய்யி. அந்த மூணு ஊசிய மட்டும் போட்டுக்கிடு, தாயி."

பேச்சித்தாய் மீன் சட்டியில் கையைக் கழுவினாள்.

"எனக்கு அந்த மூணும் உங்களுக்கு முன்னாலயே போட்டு முடிஞ்சாச்சு. உடம்பு சொணங்குதுன்னு நான் போனப்பவே அந்த டாக்டர் ரத்தம் எடுத்துச் சொல்லிட்டாரு. காலரா ஊசி ஒத்துக்கிடுமான்னு கேட்டுட்டு வாங்கன்னு உங்களை அங்கன வெரட்டினேனே, பின்ன எதுக்குன்னு நெனச்சீங்க? போய் மூணாவதையும் போட்டுட்டு வாங்க. நல்ல உடம்பா வந்து நில்லுங்க, அப்புறம் வச்சுக்கிடுதேன் உங்களை."