ஃபூஜோவுக்குப் பின்னால் ஹூஜோ

உதயகுமாரி கைபேசித் திரையில் திருநீறு பூசினாள். மோதிர விரலால், மெதுவாக, அந்தச் சின்னப் பச்சைப் புள்ளியின் மேல் மட்டும்.

"தம்பி, ஒருக்கா நில்லப்பு," என்றாள் புள்ளியிடம்.

மகள் சாருகா சோபாவின் மறுமுனையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை விரித்தபடி இருந்தாள். வெகுநேரமாகப் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். அவர்கள் வந்து குடியேறிய ஹவுகன்ஸ்டுவாவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த மாடிக் கட்டடம் இப்போது இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அண்ணா அபிசன், ஃபூஜோ என்ற சரக்குக் கப்பலில் பொறியாளன். கப்பல்கள் கடலில் எங்கே நிற்கின்றன என்று காட்டும் செயலியை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தவள் சாருகாதான். அன்றிலிருந்து கறி கொதிக்கும்போதும், பஸ்ஸில் போகும்போதும், அம்மாவின் கண் அந்தப் புள்ளியில்தான்.

ஒருமுறை உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக் கைபேசியைச் சுற்றி நாவூறு கழித்தாள். அதைச் சட்டியில் போட்டு வறுக்க, புகைமணி அலறி, மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் இருமிக்கொண்டு பனிக்குள் இறங்கி நின்றார்கள்.

"உலகத்திலையே கப்பலுக்கு நாவூறு கழிச்ச ஆள் நீங்கள் ஒராள்தான் அம்மா," என்று அபிசன் தொலைபேசியில் சிரித்தான்.

அவனுடைய நிறுவனம் தன் கப்பல்களுக்குச் சீன நகரங்களின் பெயர்களை வைத்திருந்தது. ஃபூஜோவுக்குப் பின்னால், அதே பாதையில், ஹூஜோ வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே கப்பல் கட்டும் துறையில் கட்டப்பட்டவை. ஒரே நிறம், ஒரே நீளம். ஃபூஜோவில் சமைக்கும் சீனக்காரர் தன் ஊர்ப் பேச்சு வழக்கில் இரண்டையுமே ஹூஜோ என்றுதான் சொல்வாராம்.

சாருகா அந்த ஊர்களைத் தேடி வாசித்திருந்தாள். ஃபூஜோ கடலோர நகரம். அதன் பெயரில் ஒரு மல்லிகைத் தேநீர் உண்டு. ஹூஜோ ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. அதன் பெயரில் எழுதும் தூரிகைகள் உண்டு.

கடல் இல்லாத ஊர் அது. அந்தப் பெயரைச் சுமக்கும் கப்பல் தன் ஊரை ஒருநாளும் காணாது.  

வியாழக்கிழமை காலை ஃபூஜோவின் புள்ளி மறைந்துவிட்டது.

மடகாஸ்கருக்குத் தெற்கே, வெறும் நீலத்தில்.

அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். சாருகா அவளுடைய கைபேசியை எடுத்து, ஃபூஜோ இருந்த இடத்தில் ஹூஜோவைத் தேடிப் போட்டாள். ஒரு புள்ளி போய் இன்னொரு புள்ளி வந்தது. அம்மா தலையைத் துவட்டியபடி வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று நிறுவனத்தில் ஒருவர் சாருகாவோடு பேசினார். தொடர்புக் கோளாறாக இருக்கலாம் என்றார். வானிலை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். வேறு கப்பல்களைத் தேடச் சொல்லும் கட்டம் இன்னும் வரவில்லை, யாரையும் கேட்கவில்லை என்றார்.

இன்று ஹூஜோ அந்த இடத்தைக் கடக்கப்போகிறது.

சாருகாவுக்கு மட்டுமே அது தெரியும். புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக, அண்ணா இல்லாமல் போன நீலத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஹூஜோ எதுவும் அறியாமல் அந்த இடத்தின் மேலாகப் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க அவளால் முடியாது. எழுந்து போகவும் முடியாது.

"நில்லப்பு. ஒருக்கா நில். நல்ல பிள்ளையெல்லே."

அம்மாவின் குரல், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளையை வாசலில் மறிப்பது போல இருந்தது.

திரையின் கீழே கப்பலின் வேகம் எண்ணாகத் தெரியும். அந்த எண் குறைந்தது.

சாருகா புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

அது மேலும் குறைந்தது. அலை ஓங்கினால் கப்பல்கள் வேகம் குறைக்கும். ஆனால் அங்கே அலை இல்லை. பக்கத்தில் துறைமுகம் இல்லை, நிலம் இல்லை, வேறு ஒரு புள்ளியும் இல்லை.

எண் பூச்சியமானது.

ஹூஜோ நின்றது. வியாழக்கிழமை ஃபூஜோ மறைந்த அதே இடத்தில்.

வீட்டில் குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.  இனியும் மறைக்க முடியாது.

"அம்மா, அது அண்ணான்ரை கப்பல் இல்லை. நான்தான் மாத்தி…"

"தெரியும்."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்டைக்கே தெரியும். எங்கடை பிள்ளையைக் காணேல்லை. பின்னாலை வாற பிள்ளையிட்டைத்தானே சொல்லலாம், ஒருக்கா நிண்டு பாரப்பு எண்டு."

சாருகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா கையை உயர்த்தி அவளை மறித்தாள்.

"சத்தம் போடாதை. அது காது குடுத்துக்கொண்டு நிக்குது."