வலது பக்கக் கதவு

சாவியை ஹெக்டர் யாரிடமும் கொடுக்கவில்லை. கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

ஒழுங்கையில் எங்கள் புதுக் கார் நின்றது. மின்சாரக் கார், வெள்ளை. நான்கு சில்லுக்கும் அடியில், கண்ணூறு படாமலிருக்கத் தேசிக்காய்.

நாங்கள் கத்தோலிக்கர். தேசிக்காய் வைத்தது பக்கத்துக் கடை மர்ஸூக் நானா. அவருடைய மார்க்கத்திலும் அது இல்லை. ஆனாலும் கொட்டாஞ்சேனையில் ஒரு புது வாகனத்தைத் தேசிக்காய் இல்லாமல் எடுக்க யாருக்கும் மனம் வராது. அதற்குப் பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு முதல் ஓட்டம்.

என் கவலை வேறு. இந்த மனிதர், ஹெக்டர், எந்தக் கதவால் ஏறப்போகிறார்?

வலது பக்கக் கதவால் ஏறினால் ஓட்டுவார். ஓட்டினால் ஜம்பட்டா வீதிச் சந்திக்குப் போவதற்குள் யாரையாவது இடித்துவிடுவார். என் கணவருக்குக் கண் தெரியாது.

முழுக்க இல்லை. ஓரங்களில் கொஞ்சம் தெரியும். நேரே பார்ப்பதுதான் மங்கல்.

அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. கண் ஆஸ்பத்திரித் துண்டுக் கடதாசி சொன்னது. கார் ஓடர் பண்ணி மூன்றாம் கிழமை, துவைக்க எடுத்த சேர்ட்டின் பையில் கிடந்தது. இனித் திருத்த முடியாதாம். வாகனம் ஓட்டவே கூடாதாம்.

சேர்ட்டைத் துவைத்தேன், காயவைத்தேன், ஸ்திரிக்கை போட்டேன். துண்டைப் பழைய மடிப்பு மாறாமல் அதே பைக்குள் திருப்பி வைத்தேன். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே. இப்படியான விஷயங்களில் நான் கெட்டிக்காரி.

ஓடரை நிற்பாட்டுங்கோ என்று சொல்லியிருக்கலாம். எந்த வாயால் சொல்வது? முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில் மற்றவர்களின் கார்களைக் கப்பலிலிருந்து எண்ணி எண்ணி இறக்கிய மனிதர். அரசாங்கம் நாட்டுக்குள் ஐந்து வருஷம் ஒரு வாகனமும் வர விடவில்லை. விட்டதும் எங்கள் ஒழுங்கையில் முதலில் ஓடர் பண்ணியவர் இவர்தான்.

கப்பல் வர ஐந்து மாதம் எடுத்தது. விடிந்தால் போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, கப்பல் எங்கே வருகிறது என்று எனக்குச் சொல்லுவார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அது வேறு ஏதோ கப்பல். நானும் ஓம் ஓம் என்றேன்.

அந்த ஐந்து மாதத்தையும் நான் வீணாக்கவில்லை. ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு நோவினா செபம் என்று அவருக்குச் சொல்லிவிட்டு, தெமட்டகொடையில் கார் ஓட்டப் பழகினேன். ஐம்பத்தெட்டு வயதில். முதல் ட்ரையலில் ரிவேர்ஸ் எடுக்கும்போது கம்பை விழுத்திப் பெயில். இரண்டாவதில் பாஸ். லைசன்ஸுக்கு என் கண்ணைச் சோதித்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. எல்லா எழுத்தும் தெரிந்தது.

பழக்கும் கார் என்னை மர்ஸூக் நானாவின் கடை வாசலில் இறக்கிவிடும். ஒருவருக்கும் மூச்சு விடமாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணியிருந்தார்.

பிறகு பதிவு. கார்க் கம்பனியிலிருந்து மிதுனா என்ற பிள்ளை கடதாசிகளோடு வீட்டுக்கு வந்தாள். காரை மனைவியின் பெயரில் பதியச் சம்மதம் என்று அதில் ஒரு கடிதம். நான் சொல்லித்தான் டைப் அடித்துக்கொண்டு வந்தாள்.

ஹெக்டர் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். ஒரு வரி விடாமல் வாசிப்பதுபோல் தலையை மேலிருந்து கீழே கொண்டுபோனார். எல்லாம் சரி என்றார். நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வாசிக்க முடியவில்லை என்று சொல்வதைவிட அது அவருக்குச் சுகம். அந்த வீம்பை நம்பித்தான் நானும் கடிதத்தை நீட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"நம்பர் என்ன ஹெக்டர், சொல்லுங்க பாப்பம்!" காருக்குப் பக்கத்தில் நின்று மர்ஸூக் நானா கத்தினார்.

ஹெக்டர் காரின் முன்னால் போய்க் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒரு பிழை இல்லை.

இலக்கத் தகட்டை, காருக்குப் போட்ட பூமாலை முழுசாக மூடியிருந்தது.

ஒழுங்கையில் கூடிநின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கைப்பைக்குள் என் லைசன்ஸும், என் பெயரில் பதிந்த பத்திரமும் இருந்தன. இத்தனை பேருக்கு முன்னால் எடுத்துக் காட்டினால் மனிதர் உடைந்துபோவார். காட்டாவிட்டால் ஏறிவிடுவார். எனக்குத் தலைசுற்றுகிறது, நாளைக்குப் போவோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் கையால் காரைத் தடவிக்கொண்டே வலது பக்கம் போய்விட்டார். கதவைத் திறந்தார்.

ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்தபடி நின்று, சாவியை என் பக்கம் நீட்டினார்.

"துவைச்ச சேர்ட்டுக்குள்ள அந்தத் துண்டு நனையாம இருந்திச்சு, யூஜி."

மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் கேட்டது. மர்ஸூக் நானா என் முகத்தைப் பார்க்காமல் அவசரமாகக் குனிந்து, சரியாக இருந்த தேசிக்காயைச் சரிபண்ணத் தொடங்கினார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். ஹெக்டர் மறுபக்கம் சுற்றி வந்து, இடது பக்கக் கதவால் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேரே பார்த்தார்.

"முதல்ல கோயிலுக்கு விடு. ஒம்பது செவ்வாய் பாக்கி கிடக்கு."