கல்லிடுக்கில் பதினான்கு பேர்

“மயிலிட்டிக் கரையோரம், கல்லிடுக்கில் பதினான்கு பேர். எல்லாரும் சிறியவர்கள். தண்ணீர் இல்லாமலே இருக்கிறார்கள். வெயிலில் செத்தவர்கள் போலச் சுருண்டு கிடப்பார்கள். நம்பக் கூடாது. ஒரு மழை பெய்தால் எழும்பிவிடுவார்கள்.”

மொழிபெயர்ப்பாளன் குறிப்புப் புத்தகத்தை மூன்றாவது தடவையாக வாசித்து, தன் கப்டனுக்கு விளக்கி முடித்தான். கப்டன் நிமிர்ந்து நேசையா மாஸ்ரரைப் பார்த்தார்.

மாஸ்ரர் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் முப்பத்தொரு வருடம் தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். 1988 ஆவணியில் ஒரு காலை, நீர்வேலியில் போராளிகளைத் தேடி வீடு வீடாகச் சோதனை போட்ட இந்தியப் படையினர் அவருடைய மேசையிலிருந்து எடுத்த புத்தகம் அது.

“அது பன்னம் ஐயா. பூக்காத, காய்க்காத ஒரு சின்னச் செடி. பனையோலையை விரல் நீளத்துக்குச் சின்னனாக்கினது போலை இருக்கும். மண்ணே வேண்டாம், கல்லு வெடிப்பு இருந்தால் போதும்.”

“செடியைப் போய் யாராவது ‘பேர்’னு எழுதுவாங்களா சார்?” என்றான் மொழிபெயர்ப்பாளன்.

மாஸ்ரர் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்.

இரண்டு ட்ரக்குகளில் மயிலிட்டிக்குப் போனார்கள். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். துவக்குகளுக்கு நடுவில் வெள்ளை வேட்டியோடு ஒரு கிழவர் போவதை ஊரே பார்த்தது.

பாறையை மூன்று பக்கமும் சுற்றிவளைத்தார்கள். நாலாவது பக்கம் கடல்.

மாஸ்ரரைத் தவழ்ந்து போகச் சொன்னார்கள். அவர் தவழ்ந்து போய், ஒரு வெடிப்பைச் சுட்டிக்காட்டினார்.

கப்டன் வந்து குனிந்தார். இப்போது சிரித்துவிடுவார் என்று மாஸ்ரர் எதிர்பார்த்தார்.

கப்டன் எண்ணத் தொடங்கினார்.

பதின்மூன்று. மறுபடியும் எண்ணினார். பதின்மூன்றுதான்.

“பதினாலுன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு எங்கே?”

அதன் பிறகு தேடுதல் நடந்தது. இருபது பேர் பாறையின் ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தார்கள். ஒருவன் கவிழ்த்துவைத்த வள்ளத்துக்குக் கீழே புகுந்து வந்தான். இன்னொருவன் ஒரு கடற்பாசியைத் துவக்கு முனையில் கொழுவிக்கொண்டு வந்தான். கப்டன் அதை வாங்கி மற்றப் பதின்மூன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எறிந்தார்.

வெயில் ஏறியது. எண்ணிக்கை சரிவராமல் மாஸ்ரரை விட முடியாது என்று மொழிபெயர்ப்பாளன் சொன்னான். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினாலாவது எங்கே என்று மாஸ்ரருக்குத் தெரியும். தொடக்கத்திலேயே தெரியும்.

ஒரு செடியையும் பிடுங்காதேங்கோ, நிற்கிற இடத்திலேயே வைத்துப் படம் கீறுங்கோ என்று முப்பத்தொரு வருடம் ஒவ்வொரு வகுப்புக்கும் சொன்னவர் அவர். ஒரு பன்னத்தைப் பிடுங்கியதற்காக ஒரு மாணவியை முழுப் பாடவேளையும் வெளியே நிறுத்தியிருக்கிறார். அவள் அழுததும் நினைவிருந்தது.

கப்டன் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். பக்கத்தில் நின்ற ஒருவன் மாஸ்ரரின் தோளைப் பிடித்தான்.

“நான்தான் பிடுங்கினனான்,” என்றார் மாஸ்ரர். “புத்தகத்தின்ரை கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ.”

கடைசிப் பக்கத்தில், இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவில், தட்டையாகக் காய்ந்து கிடந்தது அது.

கப்டன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். குனிந்து மற்றவற்றைப் பார்த்தார். திரும்ப அதைப் பார்த்தார். பிறகு மாஸ்ரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ட்ரக்கின் மூக்கில் வைத்தே அறிக்கை எழுதினார். புத்தகத்தையும் செடியையும் அறிக்கையோடு சேர்த்துக் கட்டினார்கள். பின்னேரம் மாஸ்ரரை வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் வானொலியில் செய்தி வந்தது. மயிலிட்டிக் கரையோரத்தில் மறைந்திருந்த பதினான்கு பேர் சுற்றிவளைக்கப்பட்டார்கள். ஒருவருடைய உடல் கைப்பற்றப்பட்டது. ஏனைய பதின்மூவரும் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறார்கள்.

மாஸ்ரருக்குச் சோறு புரைக்கேறியது. அவருடைய மனைவி தேவகுமாரி முதலில் விளங்காமல் பார்த்தா; விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. இரண்டு பேரும் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

அடுத்த நாள் காலை, முதல் பஸ்ஸில் வந்து ஒரு பெண் படலையில் நின்றாள். மயிலிட்டியில் இருந்து வருகிறேன், பெயர் யசிந்தா என்றாள். கழுத்தில் செபமாலை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“மாஸ்ரர், நீங்கள் ஆமிக்காரரோடை நிண்டதை எங்கடை ஆக்கள் கண்டவை. என்ரை மகன் கனிசியஸ், வைகாசியிலை வீட்டை விட்டுப் போனவன். ஒரு சொல்லும் இல்லை. அந்தச் செத்த பிள்ளையின்ரை முகத்தை நீங்கள் பாத்தனீங்களோ?”

மாஸ்ரர் அவளை இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பன்னம், கல்வெடிப்பு, ஒற்றுத்தாள். காட்டுவதற்கு அவரிடம் இப்போது புத்தகமும் இல்லை. ஒரு தாளை எடுத்து அந்தச் செடியைக் கீறிக் காட்டினார்.

யசிந்தா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். கீறிய படத்தையும் மரியாதைக்கு வாங்கிப் பார்த்தாள்.

“ஓம் மாஸ்ரர். இப்பிடித்தான் சொல்லச் சொல்லி விட்டிருப்பினம், எனக்கு விளங்குது. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். வலது கையிலை தூண்டில் கிழிச்ச தழும்பு இருந்ததோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

மாஸ்ரர் தேவகுமாரியைப் பார்த்தார். தேவகுமாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

“இல்லைப் பிள்ளை. தழும்பு இருக்கேல்லை.”

யசிந்தா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். மாஸ்ரரின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றினாள்.

அவள் படலையைத் திறந்து வெளியே போனதும், ஒழுங்கை வேலியோரம் வரிசையில் நின்ற பெண்களில் அடுத்தவள் உள்ளே வந்தாள்.