வசவுக்கு வந்த கூட்டம்

கிளப் சமையல்காரி கிளெண்டா கேக் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஆடின எல்லாருக்கும் உண்டு. உனக்கு இல்லை.”

எதிரணிக்கு ஆட வந்திருந்த கார்ல் மூலை மேசைக்குப் போய் உட்கார்ந்தான். ரக்பி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் கிளப் கூடத்தில் ஒன்றாகச் சாப்பிடுவது தார்ன்சைக் ஊர் வழக்கம். அவன் பக்கத்தில் உள்ளூர்க்காரர் யாரும் போகவில்லை.

“பத்து வருஷம் நம்ம சட்டையைப் போட்டவன். பணக்கார கிளப்புக்குப் போனதும் வாயைப் பாரு,” என்றார் பீர் வாங்க வந்த வில்ஃப். “பேப்பரைப் படிச்சிட்டு என் பொண்டாட்டியே கிளம்பிட்டா. ரக்பின்னா என்னன்னே தெரியாது. இவனைத் திட்டுறதுக்குன்னே டிக்கெட் வாங்கினா.”

தார்ன்சைக் ஒரு சுடுகாடு என்று பேட்டி கொடுத்திருந்தான் கார்ல். கிளெண்டாவின் இஞ்சி கேக்குக்குப் பதில் செங்கல்லைக் கடிக்கலாம் என்றும்.

ஆட்டத்தில் பல் உடைந்து வந்தபோதெல்லாம் அதே கேக்கைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தவள் அவள்.

கிளப் தலைவர் டிரெவர் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“பிழைச்சோம், கிளெண்டா. இன்னிக்கு நிக்கக்கூட இடமில்லை. டிக்கெட் பணத்துல வரி பாக்கியைக் கட்டிடலாம். திங்கக்கிழமை வரிக்காரன் வந்து கேட்டைப் பூட்ட முடியாது.”

“அந்தப் பாவி வாயால ஒரு நல்லது நடந்திருக்கு.”

“அதுக்காகத்தான் பேசினான்.”

கிளெண்டா கத்தியைக் கீழே வைத்தாள்.

“பாசத்துக்கு வராதவங்க கோபத்துக்கு வருவாங்கன்னு போன் பண்ணினான். பேசப்போறதை எனக்குப் படிச்சுக் காட்டினான். சப்புன்னு இருக்கு, கிளெண்டா கேக்கையும் சேர்த்துக்கன்னு நான்தான் சொன்னேன். அதுக்கு மட்டும் மாட்டேன்னு ரொம்ப நேரம் சண்டை போட்டான்.”

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த மாசம் அவன் அணியோட மறுபடி இங்கதான் ஆட்டம். வெளியே மூச்சு விட்டுடாதே.”

அவர் போனதும் அவள் பெரிய துண்டாக ஒன்று வெட்டினாள். கொண்டுபோய்க் கார்ல் முன்னால் வைத்தாள். கூடத்தில் தலைகள் திரும்பின.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான். பிறகு எல்லோரும் பார்க்கத் தட்டை ஒதுக்கித் தள்ளினான்.

கூடமே கூச்சல் போட்டது.

“அடுத்த மாசம் வா. என் மச்சான் குடும்பத்தையும் கூட்டிட்டு வர்றேன்டா,” என்று கத்தினார் வில்ஃப்.

சத்தம் அடங்கியது. எல்லோரும் அவரவர் பீருக்குத் திரும்பினார்கள். கார்ல் கேக்கை ஒரு காகிதத்தில் சுற்றி, கோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.