பழைய பதிப்புக்காரி

நானும் அருள்மணியும் எழுதும், பிறர் தங்கள் நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள் நூலகத்தை, கணினி மொழியின் பழைய பதிப்பில் இன்னும் பயன்படுத்துகிறவள் பெனிட்டா ஒருத்திதான். நான் எதைப் புதிதாக எழுதினாலும், அவளிடத்திலும் ஓடும்படி அவன் உட்கார்ந்து திருத்துவான்.

"மகாராணியப் புதுசுக்கு மாறச் சொல்லேன்" என்பேன்.

"அவ ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல புதுசு ஏறாதுப்பா. பாவம்."

அவன் விடுப்பில் இருந்த அன்று காலை, அவளுக்காக அவன் எழுதிய நிரல் வரிகளை மட்டும் நீக்கிவிட்டுப் புதிய வெளியீட்டை அனுப்பினேன். மதியம் அவளிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது.

"அக்கா, காலைலேர்ந்து எங்க லேப்ல ஒரு ரிப்போர்ட்டும் வரல. எனக்காகப் பாத்துப் பாத்து எழுதுறது நீங்கதான்னு அருள் எப்பவும் சொல்வான். கொஞ்சம் பாருங்கக்கா."

நீக்கியதையெல்லாம் உடனே திரும்பச் சேர்த்தேன். பிறகு அந்த மின்னஞ்சலை மறுபடி படித்தேன். அவனோடு இவ்வளவு சேர்ந்து எழுதியும், நான் அவனை ஒருநாளும் அருள் என்று அழைத்ததில்லை.