முள்ளு முள்ளாய் கறுப்புப் புழு

ஊருக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு டீச்சர் தன் ரோஜாத் தொட்டிகளை என் தலையில் கட்டினாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பூப்போட்டி. மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க!"

மறுநாளே மொட்டெல்லாம் பச்சைப் பூச்சி. அது போதாதென்று, கறுப்பாய், முள்ளு முள்ளாய், முதலைக்குட்டி மாதிரி புழுக்கள் வேறு! அம்மாடி! ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன்.

சனிக்கிழமை டீச்சர் வந்து நின்றாள். நான் மொட்டுகளைக் காட்டினேன்.

"பச்சைப் பூச்சி இன்னும் போகலையேம்மா..."

"பயப்படாதீங்கக்கா. அதைத் திங்கத்தான் பொறிவண்டுப் புழு வாங்கி விட்டிருக்கேன். விடியறதுக்குள்ள காலி பண்ணிடும். கறுப்பா, முள்ளு முள்ளா இருக்குமே, பாத்தீங்களா?"

காலால் வாளியை மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினேன்.